ஈச்சங்குருத்துச் சாம்பல்

தேவனூர் நாடு, கொல்லிமலை
1936 மார்ச் 9

உபதேசியார் மரியசூசை அவர்களுக்கு, நல்லமுத்து எழுதிக்கொள்வது.

நீங்கள் தர்மபுரிக்கு மாற்றலாகிப் போய் ஒரு வாரம் ஆகிறது. மலையிறக்கம் வரைக்கும் உங்கள் டிரங்குப் பெட்டியை நான்தான் தலையில் வைத்துச் சுமந்து வந்தேன். பிரியும்போது, "உன் தங்கச்சி மகனுக்குக் காய்ச்சல் இறங்கிவிடும், கொய்னா மாத்திரையை விடாமல் கொடு" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். காய்ச்சல் இறங்கவில்லை. காத்தான் போன வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போது செத்துப்போனான். அவனுக்கு ஐந்து வயது. ஞானஸ்நானத்தில் உங்கள் பெயரைப் பாதியாக்கிச் சூசை என்று நீங்கள் பேர் வைத்த பிள்ளை அவன்.

மாத்திரை ஒன்றுகூட அவன் வயிற்றுக்குள் போகவில்லை. ஆத்தாக்காரி பெருமாயி விடவில்லை. புருசனையும் இதே காய்ச்சலுக்குப் பறிகொடுத்துவிட்டு, இரண்டு பிள்ளைகளோடு என் வீட்டுக்கு வந்தவள் அவள். மருந்தென்றால் காட்டுக்குப் போய் வேரோடு பிடுங்கி வருகிறவள். அவள் ஏன் மாத்திரையைத் தடுத்தாள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

விபூதிப் புதன் அன்று நடந்ததை நீங்கள் எப்படிப் பார்த்தீர்களோ, அவள் பார்த்ததை எழுதுகிறேன். "நம்மிடமும் விபூதி உண்டு, சாமியார் வந்து வைப்பார், எல்லாரும் வாருங்கள்" என்று ஒரு வாரமாக ஊரெல்லாம் சொல்லி வைத்தவர் நீங்கள். காத்தானுக்கு அதற்கு முந்தின நாள்தான் குளிர் கண்டிருந்தது. காய்ச்சல் கண்ட பிள்ளையைக் கோயிலுக்குத் தூக்கிப்போய்த் திருநீறு போட்டு வருவது எங்கள் வழக்கம். பூசாரி நெற்றியில் பூசி, நாக்கில் துளி வைத்து, "ஒண்ணுமில்ல சாமி, நல்லா இருப்ப" என்று சொல்லி அனுப்புவார். அதை நினைத்துத்தான் அவள் காத்தானை இடுப்பில் தூக்கிக்கொண்டு, பெரியவள் பாப்பாயியையும் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். வெள்ளைக்காரச் சாமியார் சாம்பலை வைத்து லத்தீனில் ஏதோ முணுமுணுத்தார். அது யாருக்கும் புரியவில்லை. பக்கத்தில் நின்ற நீங்கள்தான் அதைத் தமிழில் உரக்கச் சொன்னீர்கள். "மனிதனே, நீ மண்ணாயிருக்கிறாய், மண்ணாய்ப் போவாய் என்று நினைத்துக்கொள்." காத்தானைப் பார்த்து ஒரு தடவை சொன்னீர்கள். ஏழு வயதுப் பாப்பாயியைப் பார்த்து ஒரு தடவை சொன்னீர்கள்.

மண்ணாய்ப் போ என்பது எங்கள் மலையில் என்ன வார்த்தை என்று, நாலு வருசம் எங்களோடு சாமைச் சோறு தின்ற உங்களுக்குத் தெரியாதா? ஜென்மப் பகையாளி வீட்டு வாசலில் மண்ணை வாரி இறைத்துவிட்டுச் சொல்கிற வார்த்தை அது. அன்று சாயங்காலம் நீங்கள் மாத்திரைப் பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனதும் பெருமாயி, "வாயால மண்ணாப் போன்னு சொல்லிப்போட்டு, கையால மருந்து குடுக்கறாரு. அது என்ன மருந்துங்கண்ணா?" என்று கேட்டாள்.

செத்தவனைப் பற்றி எழுத இந்தக் கடிதம் இல்லை. பாப்பாயி இருக்கிறாள். அவள் நெற்றியிலும் அதே சாம்பல்தான் ஏறியது. ஆத்தாக்காரி தினமும் அரப்பு போட்டு அந்த நெற்றியைத் தேய்க்கிறாள், தோல் உரிந்து புண்ணாகிவிட்டது. பிள்ளை அழுகிறது, அவள் நிறுத்துவதில்லை.

எங்களில் ஒரு வழக்கம் உண்டு. கோபத்தில் சாபம் விட்டவன், மனசு ஆறியதும் அந்த வீட்டு வாசலுக்குப் போய், ஒரு செம்புத் தண்ணீரைத் தரையில் ஊற்றி, "சொன்னதை எடுத்துக்கிட்டேன்" என்று சொல்ல வேண்டும். சொன்ன வாயே எடுக்க வேண்டும், வேறு யார் சொன்னாலும் செல்லாது. நீங்கள் வந்து ஊற்றுங்கள். வர முடியாவிட்டால் உங்கள் கையால் ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். நான் படித்துக் காட்டிவிட்டு நானே ஊற்றுகிறேன். பெருமாயி அதற்கு ஒத்துக்கொண்டாள். மாத்திரைப் பாட்டில் என்னிடம் இருக்கிறது.

நல்லமுத்து


சேசு மரி சூசை துணை
தர்மபுரி
1936 மார்ச் 15

பிரியமுள்ள நல்லமுத்துவுக்கு,

உன் கடிதத்தை வாங்கிக்கொண்டு கோவிலுக்குள் போய் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். குழந்தை சூசை என் தாடியைப் பிடித்து இழுத்து விளையாடினதெல்லாம் கண்முன் வந்தது. அவன் ஆத்துமத்துக்காக நாளைக் காலைப் பூசை ஒப்புக்கொடுக்கச் சாமியாரைக் கேட்டிருக்கிறேன். உன் கடிதத்தின் தலையில் நீ சிலுவைக் குறி போடவில்லை. துக்கத்தில் மறந்திருப்பாய் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இனி விசயத்துக்கு வருகிறேன். அந்த வார்த்தை நான் இட்டுக்கட்டியது அல்ல. ஆதித் தகப்பனைப் பார்த்துச் சருவேசுரனே சொன்னது. ரோமாபுரியில் பாப்பாண்டவர் நெற்றியிலும் அன்றைக்குச் சாம்பல் வைக்கிறார்கள். ராசாக்களுக்கும் அதுதான், கூலிக்காரனுக்கும் அதுதான். எல்லாருக்கும் முந்தி என் நெற்றியில் வைத்ததை நீ பார்த்தாய். எல்லாரும் சாகிறவர்கள்தான், ஆகையால் ஒருவரை ஒருவர் பகைக்காமல் புத்தியோடு இருங்கள் என்பதுதான் அதன் அர்த்தம். நினிவே பட்டணத்து ராசா சாக்கு உடுத்திச் சாம்பலில் உட்கார்ந்து அழுத காலத்திலிருந்து வருகிற வழக்கம் இது. அதில் சாபம் எங்கே இருக்கிறது?

அந்தச் சாம்பல் எதிலிருந்து வருகிறது என்றும் உன் தங்கச்சிக்குச் சொல். போன வருசம் குருத்தோலை ஞாயிறன்று நாம் பிடித்துப் போன ஓலையைச் சுட்டதுதான் அது. செருசலேம் சனங்கள் அந்த ஓலையைப் பிடித்துக்கொண்டு சேசுநாதரை ராசா என்று கூப்பிட்டார்கள். ஐந்தாம் நாள் அதே சனங்கள், "இவனைக் கொல்லு" என்று கத்தினார்கள். மனிதனுடைய சந்தோசத்துக்கு ஆயுசு அவ்வளவுதான் என்று காட்டத்தான் அந்த ஓலையையே சுட்டு நெற்றியில் வைக்கிறோம். அது கோயில் திருநீறு மாதிரி நோய்க்கு வைக்கிற சாம்பல் அல்ல. விவரமாகச் சொன்னால் அவளுக்கு விளங்கும், புத்திசாலிப் பெண்.

தண்ணீர் ஊற்றி எடுத்துக்கொள்வது என்னால் ஆகாது. என் வார்த்தையாயிருந்தால் ஆயிரம் செம்பு ஊற்றுவேன். தேவ வார்த்தையை நான் எடுத்துக்கொள்ள நான் யார்? இன்றைக்கு இதை எடுத்தால், நாளைக்கு உயிர்ப்பும் இல்லை, மோட்சமும் இல்லை என்று எல்லாவற்றுக்கும் தண்ணீர் ஊற்ற வேண்டியதுதான்.

அந்த நெற்றிப் புண்ணுக்குத் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்.

மரியசூசை


தேவனூர் நாடு
1936 மார்ச் 21

உபதேசியார் அவர்களுக்கு,

சிலுவைக் குறியை நான் மறக்கவில்லை.

உங்கள் கடிதத்தை எழுத்து எழுத்தாக அவளுக்குப் படித்துக் காட்டினேன். பாதியிலேயே நிறுத்தச் சொன்னாள். "எந்த ஓலைங்கண்ணா? நம்மூட்டு நெலையில கட்டியிருந்தமே, அந்த ஓலையா?" என்று கேட்டாள். நான் ஆமாம் என்றேன். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உங்கள் விளக்கம் வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சின கதையாகிவிட்டது.

உங்களுக்கு ஞாபகம் இருக்கும். போன சித்திரையில் குருத்தோலை ஞாயிறு வந்தபோது, மலையில் தென்னை இல்லையே என்று நீங்கள் யோசித்தீர்கள். ஈச்சங்குருத்து இருக்கிறது என்று சொல்லி வெட்டிக் கொடுத்தவன் நான். சாமியார் அதன்மேல் தண்ணீர் தெளித்தார். "வீட்டில் பத்திரமாக வையுங்கள்" என்றீர்கள். பொங்கலுக்கு முந்தின நாள் வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் சேர்த்துக் கூரையில் காப்புக் கட்டுகிறோம். நோய் நொடி உள்ளே வராது. பெருமாயி உங்கள் குருத்தையும் அப்படித்தான் நிலைப்படியில் காப்பாகக் கட்டினாள். அவள் மட்டுமல்ல, பதினோரு வீட்டிலும் கட்டினார்கள். நீங்கள் வீடு வீடாக வந்து பார்த்தீர்கள், சந்தோசப்பட்டீர்கள். அது காப்பு இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

உங்கள் வழக்கம் அது. கிறிஸ்மஸுக்கு மாட்டுக் கொட்டில் மாதிரி குடில் கட்டினீர்கள். இது உபதேசியாருடைய மாட்டுப் பொங்கல் என்று நினைத்து, ஊரார் கொம்புக்குக் காவி அடித்து மாடுகளை ஓட்டிவந்து நிறுத்தினார்கள். நீங்கள் சிரித்துக்கொண்டே மாட்டுக்கெல்லாம் வெல்லம் கொடுத்தீர்கள். அன்றைக்கும் திருத்தவில்லை. கூட்டம் சேர்ந்தால் போதும் என்றிருந்தீர்கள்.

அந்தக் குருத்து நிலையில் இருந்த பத்து மாதமும் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் காய்ச்சல் வரவில்லை. ஐப்பசி மழையில் பக்கத்து வீட்டில் இரண்டு பேர் செத்தபோதுகூட எங்களுக்கு வரவில்லை. அப்புறம் மாசியில் நீங்கள் கோணிப்பையோடு வந்து, "ஓலையைக் கொடுங்கள், சுட வேண்டும்" என்றீர்கள். கட்டின காப்பைப் பாதியில் அவிழ்க்கிறவன் உண்டா? பெருமாயி கொடுக்க மாட்டேன் என்று வாசலை மறித்து நின்றாள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் அவள் கையைத் தள்ளிவிட்டு, குருத்தைப் பிடுங்கி உங்கள் பையில் போட்டேன். ஆறாம் நாள் காத்தானுக்குக் குளிர் கண்டது. அடுத்த நாள் அந்தச் சாம்பலை அவன் நெற்றியிலேயே வைத்து, மண்ணாய்ப் போவாய் என்றீர்கள்.

அவள் கணக்கில் எங்கே தப்பு இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் உங்களைக் கண்டு, உங்களிடம் வேத போதனையும் கேட்டு, எங்கள் மலைக்கு வாருங்கள் என்று கூட்டிவந்தவன் நான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டான் என்று ஊரில் என் காதுபடவே பேசுகிறார்கள். பேசட்டும்.

பாப்பாயிக்குப் புதன்கிழமையிலிருந்து காய்ச்சல். ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர் தூக்கிப் போடுகிறது. ஒரு தாள் எழுதுங்கள். அதில் மோட்சத்தைப் பற்றி ஒன்றும் இருக்க வேண்டாம்.

நல்லமுத்து


சேசு மரி சூசை துணை
தர்மபுரி
1936 மார்ச் 27

பிரியமுள்ள நல்லமுத்துவுக்கு,

உன் கடிதம் வந்ததும் பெரிய சாமியாரிடம் போய் நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "அந்தத் தாயிடம் பொய் சொல்லி அவள் பிள்ளையைக் காப்பாற்றலாம், ஆனால் அவள் மூடநம்பிக்கையில் நீயே முத்திரை போடுகிறாய் என்று தெரிந்துகொள்" என்றார். எழுதாதே என்று சொன்னார். மீறினால் உபதேசியார் வேலையில் நான் நீடிக்க முடியாது என்பதை அவர் வாயால் சொல்லவில்லை, எனக்கே தெரியும். எனக்கு ஐம்பத்திரண்டு வயதாகிறது. வேறு வேலை தெரியாது.

மலைக்குப் போய் வர உத்தரவு கேட்டேன். இது தபசு காலம், இங்கே நாலு கிராமத்துக்கும் நான் ஒருவன்தான். உயிர்த்த ஞாயிறு முடிந்து திங்கட்கிழமை புறப்படலாம் என்றார். அந்த நாள் ஏப்ரல் 13. நான் வந்து அவள் முகத்தைப் பார்த்துப் பேசினால் கேட்பாள்.

அதுவரைக்கும் ஒரு யோசனை. மாத்திரையைப் பொடி செய்து தேனில் குழைத்து, தாய்க்குத் தெரியாமல் பிள்ளைக்குக் கொடு. உங்கள் மலைத் தேனில் கசப்பு தெரியாது. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, ஏழு நாளைக்கு. இதில் பாவமில்லை. நீ தாய்மாமன், உனக்கு உரிமை உண்டு.

காப்பைப் பற்றி நீ எழுதினதற்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். இரண்டு தடவை எழுதிக் கிழித்துப்போட்டேன். நேரில் சொல்கிறேன்.

மரியசூசை


தேவனூர் நாடு
1936 ஏப்ரல் 2

உபதேசியார் அவர்களுக்கு,

பொய் சொல்லக் கூடாதென்று தாள் எழுத மாட்டீர்கள். ஆனால் பெற்றவளுக்குத் தெரியாமல் மருந்து கொடு என்று எனக்கு எழுதுகிறீர்கள். நல்லது, அதையும் செய்தேன். இந்தத் தடவை உங்கள் கடிதம் மலைக்கு வந்த ஆள் கையில் மூன்றாம் நாளே கிடைத்துவிட்டது.

அவள் தண்ணீருக்குப் போன நேரம் பார்த்துத் தேனில் குழைத்துக் கொடுத்தேன். பாப்பாயி ஒரு வாய் நக்கிவிட்டு, "கசக்குதுங்க மாமா" என்றாள். முழுங்கு கண்ணு, முழுங்கு என்று கெஞ்சினேன். எனக்காக முழுங்கினாள். அப்படி இரண்டு நாள் கொடுத்தேன். மூன்றாம் நாள் காய்ச்சல் கொஞ்சம் தணிந்த மாதிரி இருந்தது, கஞ்சி கேட்டாள். ஆத்தாக்காரிக்குச் சந்தோசம். அந்தச் சந்தோசத்தில் பிள்ளையை மடியில் வைத்துக் கொஞ்சினாள். பிள்ளை, "மாமன் குடுக்கற தேனு கசக்குதாத்தா" என்று சொல்லிவிட்டது.

பெருமாயி என்னை ஒன்றும் திட்டவில்லை. பாட்டிலைத் தேடி எடுத்துக்கொண்டு போய் ஓடையில் கொட்டினாள். திரும்பி வந்து, "ஓலையப் புடுங்கிக் குடுத்தது உங்க கை. இதக் குடுத்ததும் உங்க கையா?" என்று மட்டும் கேட்டாள். அன்றைக்கே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தினைக்காட்டுக் குடிசைக்குப் போய்விட்டாள். கம்பளியைக் கொண்டுபோய் வெளியே வைத்துவிட்டு வருகிறேன். நான் போன பிறகு எடுத்துக்கொள்கிறாள்.

நான் சும்மா இருக்கவில்லை. அவளுக்கு எழுத்து தெரியாது. நானே ஒரு தாளை எழுதி எடுத்துக்கொண்டு போய், உபதேசியார் எழுதியிருக்கிறார், வார்த்தையை எடுத்துக்கொண்டார் என்று படித்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பாப்பாயியைத் தூக்கி என் முன்னால் உட்கார வைத்து, "அது அவரு எழுதினதுதான்னு இவ தலையில கைய வெச்சுச் சத்தியம் பண்ணுங்க. நானே என் கையால மருந்து ஊட்டறேன்" என்றாள். கையைத் தூக்கி வைத்தேன். அந்த நெற்றியில் அரப்பு தேய்த்த புண் இன்னும் ஆறவில்லை, நெருப்பாய்ச் சுட்டது. பிள்ளை தலையில் பொய்ச் சத்தியம் செய்ய என்னால் முடியவில்லை. கையை எடுத்துக்கொண்டேன்.

ஓடையில் கொட்டுவதற்கு முன்பே பாட்டிலிலிருந்து ஏழு மாத்திரையை எடுத்துத் துணியில் முடிந்து வைத்திருந்தேன். அது இருக்கிறது. உங்கள் கையெழுத்து மட்டும்தான் இல்லை. இரண்டு வரி போதும். அதை வைத்துக்கொண்டு நான் நிஜமாகவே சத்தியம் செய்வேன், அவள் நிஜமாகவே ஊட்டுவாள். பொய் சொல்ல மாட்டாள், அது அவளுக்கு வராது.

நீங்கள் 13ஆம் தேதி புறப்பட்டு வந்து சேர 16 ஆகும். பிள்ளைக்கு வயிறு வீங்கி, கண் மஞ்சளாய்க் கிடக்கிறது. என்னால் வேறு என்ன எழுத முடியும்? காலில் விழுந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நல்லமுத்து


தர்மபுரி
1936 ஏப்ரல் 10, பெரிய வெள்ளி

பிரியமுள்ள நல்லமுத்துவுக்கு,

உன் கடிதம் புதன்கிழமை மத்தியானம் கிடைத்தது. அன்றே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. வியாழக்கிழமை பாதம் கழுவுகிற சடங்குக்குத் தண்ணீர் தூக்கினேன், பாட்டுக்காரப் பிள்ளைகளை நிறுத்தினேன், எல்லா வேலையும் செய்தேன். கையில் தண்ணீர்க் குடத்தைப் பிடித்தபோதெல்லாம் நீ எழுதின செம்புதான் ஞாபகத்துக்கு வந்தது.

இன்றைக்குக் கோவிலில் மணி அடிக்க மாட்டோம். மரக்கட்டையைத் தட்டித்தான் சனங்களைக் கூப்பிடுவோம். சுரூபங்களையெல்லாம் ஊதாத் துணியால் மூடியிருக்கிறோம். இதற்கெல்லாம் அர்த்தம் என்ன என்று யாராவது கேட்டால் மூச்சுவிடாமல் சொல்வேன். முப்பது வருசமாக அதுதான் என் தொழில். நீ கேட்டதற்குத்தான் பதில் சொல்லத் தெரியவில்லை.

நிலைப்படியில் குருத்தைக் கட்டியிருந்ததைப் பார்த்த அன்றைக்கே அது காப்பு என்று எனக்குத் தெரியும். நானும் ஆத்தூர்ப் பக்கத்துக் குடியானவன் மகன், எனக்குக் காப்புத் தெரியாதா? திருத்தினால் பதினோரு வீடும் கலைந்துவிடும் என்று பயந்தேன். பதினோரு வீட்டிலும் தேவ ஓலை துலங்குகிறது என்று பெரிய சாமியாருக்கு எழுதினேன். அவர் என்னை மெச்சிப் பதில் எழுதினார், அந்தக் காகிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன். விபூதி என்று சொன்னால் கூட்டம் வரும் என்று தெரிந்துதான் அந்தப் பேரைச் சொல்லி அழைத்தேன். அவள் தப்பாக ஒன்றும் புரிந்துகொள்ளவில்லை. நான் எப்படிப் புரியட்டும் என்று விட்டேனோ அப்படித்தான் புரிந்துகொண்டாள்.

இதோடு தனித்தாள் ஒன்று வைத்திருக்கிறேன். சாமியாரைக் கேட்கவில்லை. இனிமேல் கேட்கவும் மாட்டேன். வேலை போனால் போகட்டும். நீ இதைக் காட்டித் தாராளமாகச் சத்தியம் செய்யலாம்.

இன்று பெரிய வெள்ளி என்று தபாலாபீசு சாத்திக் கிடக்கிறது. இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நாளைக் காலையில் திறந்ததும் போடுகிறேன்.

மரியசூசை

(தனித்தாள்)

மரியசூசை ஆகிய நான் பெருமாயிக்கு என் கையால் எழுதுவது. மாசி மாதம் விபூதிப் புதன் அன்று உன் மக்கள் காத்தானையும் பாப்பாயியையும் பார்த்து நான் சொன்ன வார்த்தையை எடுத்துக்கொண்டேன். அது இனிமேல் உன் வீட்டின்மேல் இல்லை. யார் மேலாவது நிற்க வேண்டுமானால் என் மேல் நிற்கட்டும். பாப்பாயி மண் அல்ல. அவள் நல்லா இருப்பாள். இது சத்தியம்.


தேவனூர் நாடு
1936 ஏப்ரல் 19

உபதேசியார் அவர்களுக்கு,

உங்கள் கடிதமும் தனித்தாளும் வெள்ளிக்கிழமை, 17ஆம் தேதி, சேந்தமங்கலம் சந்தைக்குப் போனவர்கள் கையில் வந்து சேர்ந்தன. பாப்பாயி 14ஆம் தேதி செவ்வாய்க்கிழமையே போய்விட்டாள். வலிப்பு வந்து, விடியும்போது அடங்கிவிட்டது. போன வருசம் அதே தேதியில்தான் உங்கள் குருத்தோலை ஞாயிறு. அவள்தான் ஊர்வலத்தில் எல்லாருக்கும் முன்னால், தன்னைவிட உயரமான குருத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தாள்.

என் கடிதம் புதன்கிழமை கிடைத்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கே எழுதிப் போட்டிருந்தால் செவ்வாய்க்கிழமை இங்கே வந்திருக்கும். அப்போதும் பிந்தித்தான் இருக்கும். அதற்கு முந்தின கடிதத்துக்கே எழுதியிருந்தால்? முதல் கடிதத்துக்கே எழுதியிருந்தால்? எனக்கு வேறு வேலை இல்லை, காட்டில் உட்கார்ந்து இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீங்களும் யோசியுங்கள்.

நீங்கள் உயிர்த்த ஞாயிறு முடிந்து புறப்பட்டு வரவில்லை. தாள் போய்விட்டதே, நாம் எதற்கு என்று இருந்துவிட்டீர்களோ, வேலை போய்விட்டதோ தெரியாது. வராததே நல்லது. இனி வர வேண்டாம். இது மிரட்டல் இல்லை, கேட்டுக்கொள்கிறேன்.

காத்தானுக்குப் பக்கத்திலேயே பாப்பாயியைப் புதைத்தோம். மண் தள்ளும்போது பெருமாயி அழவில்லை. முதல் பிடி அவள்தான் போட்டாள். போட்டுவிட்டு, "அவரு சொன்னபடிதான்" என்றாள். வெள்ளிக்கிழமை உங்கள் கடிதம் வந்ததைப் பார்த்துவிட்டு, அன்றைக்குத்தான் வாயைத் திறந்தாள். "என்ன எழுதியிருக்காரு?" என்று கேட்டாள்.

அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. தனித்தாள் என் கையில் இருந்தது. ஆறு வரி எண்ணினேன். அதைப் படித்துக் காட்டியிருந்தால், வார்த்தையை எடுத்துக்கொள்ள முடியும் என்பது அவளுக்குத் தெரிந்துபோயிருக்கும். ஆறு வரியில் ஆகக்கூடிய காரியம் ஆகாமல் போய்த்தான் பிள்ளை செத்தது என்று தெரிந்துபோயிருக்கும். பாட்டிலை ஓடையில் கொட்டின தன் கையையும் அப்புறம் அவள் நினைத்துப் பார்ப்பாள். இப்போது அவளுக்கு எல்லாம் உங்கள் வார்த்தை செய்தது, அது தெய்வத்தாலும் எடுக்க முடியாதது. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இன்னும் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறாள்.

"எப்பவும் போல ஞாயம்தான் எழுதியிருக்காரு. எடுக்க முடியாதுன்னுட்டாரு" என்று சொன்னேன். சத்தியம் பண்ணச் சொல்லி அவள் கேட்கவில்லை. கேட்க இந்தத் தடவை தலை எதுவும் இல்லை.

ஆகையால் நீங்கள் வார்த்தையை எடுத்துக்கொண்டிருந்தாலும், பெருமாயி செத்துப்போகும் வரைக்கும் நீங்கள் எடுத்துக்கொள்ளாதவர்தான். இந்த வீட்டில் உங்கள் பேர் அப்படித்தான் இருக்கும். அதை மாற்ற நினைத்து நேரிலோ கடிதத்திலோ அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடாதீர்கள். நீங்கள் எனக்குச் செய்ய வேண்டியது அது ஒன்றுதான்.

ஏழு மாத்திரையும் இருக்கின்றன. பக்கத்து வீட்டுச் சின்னாயி மகளுக்கு நேற்றுக் குளிர் கண்டிருக்கிறது. யார் கொடுத்தது என்று சொல்லாமல் கொடுத்துப் பார்க்கிறேன்.

தனித்தாளை அடுப்பில் போட்டுவிட்டேன். நல்ல காகிதம், சீக்கிரம் எரியவில்லை. சாம்பலை ஒட்ட வழித்து இதோடு மடித்து வைத்திருக்கிறேன். அடுத்த வருசம் அந்தப் புதன்கிழமை வரும்போது உங்களுக்கு உதவும். வைக்கும்போது சொல்ல வேண்டியது உங்களுக்கே தெரியும். கொஞ்சம்தான் இருக்கிறது, காற்று இல்லாத இடமாகப் பார்த்துப் பிரியுங்கள்.

நல்லமுத்து